பெயரும் அமைப்பும்: ஈதர், ஆல்கஹால், ஃபீனால் ஆகியவற்றின் பெயரீட்டு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கரிம வேதியியலில் ஈதர், ஆல்கஹால், ஃபீனால் ஆகிய மூன்று வகைச் சேர்மங்களும் இன்று ஒரே பாடத்தில் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்கப்படுகின்றன. இவை உறவுடையவை என்ற முடிவு 19ஆம் நூற்றாண்டில் நீண்ட வழக்காடலுக்குப் பின்னரே எட்டப்பட்டது. அவ்வழக்காடலின் ஒவ்வொரு கட்டமும் பெயர்களில் பதிந்துள்ளது. பெயர் ஒவ்வொன்றும் அப்பொருளின் அமைப்பைப் பற்றிய ஒரு கருத்தை முன்வைத்தது. சில கருத்துகள் பொய்த்த பின்னும் பெயர்கள் நிலைத்தன. இவ்வரலாற்றை ஆராய்ந்து, தமிழில் இப்பெயர்கள் பெற்ற வடிவங்களை அதன் ஒளியில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: ஈதர், ஆல்கஹால், ஃபீனால், வில்லியம்சன், பெயரிடுமுறை, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

கலைச்சொல்லாக்கம் குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு வினாவைச் சுற்றியே அமைகின்றன: அயற்சொல்லை ஒலிபெயர்ப்பதா, தமிழில் புதுச்சொல் ஆக்குவதா? இவ்வினாவுக்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய மற்றொரு வினா உண்டு. பெயர்க்கப்படும் அந்த அயற்சொல் தன் மூலமொழியில் எதைச் சொல்லிக்கொண்டிருந்தது? ‘ஆக்ஸிஜன்’ என்பதன் பொருள் அமிலமாக்கி; எல்லா அமிலங்களிலும் அது உண்டு என்ற லவாய்சியரின் தவறான கருத்து அச்சொல்லில் உறைந்து கிடக்கிறது. அதே போன்ற உறைவுகள் ஈதர், ஆல்கஹால், ஃபீனால் ஆகிய பெயர்களில் இன்னும் செறிவாக உள்ளன. வகுப்பறையில் இம்மூன்றும் முடிந்த முடிவுகளாகவே மாணவரை வந்தடைகின்றன: ஹைட்ராக்சில் தொகுதி கார்பன் சங்கிலியில் இணைந்தால் ஆல்கஹால், பென்சீன் வளையத்தில் நேரடியாக இணைந்தால் ஃபீனால், ஓர் ஆக்ஸிஜன் இரு கார்பன் தொகுதிகளை இணைத்தால் ஈதர். இந்த மூன்று வரிகளை எழுத வேதியியலுக்கு ஏறத்தாழ முந்நூற்று ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

கந்தகமில்லாத கந்தக ஈதர்

மூன்றனுள் ஈதரின் கதையே விரிவானது. தருக்க அடிப்படையில் முதன்மையானதும் அதுவே. செருமானிய மருத்துவரும் தாவரவியலாளருமான வலேரியுஸ் கோர்துஸ் 1540ஆம் ஆண்டளவில் சாராயத்தையும் கந்தகத் திராவகத்தையும் சேர்த்துக் காய்ச்சி வடிக்கும் முறையை எழுதிவைத்தார். அன்னபேதியைச் சுட்டு வடித்துப் பெறப்பட்ட அத்திராவகத்தின் பழைய பெயர் ‘விட்ரியால் எண்ணெய்’. அதிலிருந்து கிடைத்த இனிய மணமுடைய நீர்மத்துக்கு அவர் ‘இனிய விட்ரியால் எண்ணெய்’ எனப் பெயரிட்டார். கோர்துஸ் 29 வயதில் இறந்துவிட, அவருடைய குறிப்புகளை 1561இல் கெஸ்னர் பதிப்பித்தார். ‘ஈதர்’ என்ற சொல் வந்து சேர்ந்தது 1730இல். புரோபேனியுஸ் என்பவர் இலண்டன் அரச கழகத்தின் இதழில் இந்நீர்மத்தை ‘விண்தன்மையுடைய ஒயின் ஆவி’ என்னும் பொருள்படக் குறித்தார். கையில் விட்டால் கண்ணெதிரே மறையும் நீர்மத்துக்கு வானத்தின் மேலடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பொருந்தியதில் வியப்பில்லை.

கந்தக அமிலத்தின் துணையால் பிறந்ததால் இது ‘கந்தக ஈதர்’ எனப்பட்டது. இப்பெயர் ஒரு கருத்தையும் உடன் கொண்டுவந்தது. ஈதருக்குள் கந்தகம் இருக்கிறது என்பதே அக்கருத்து. 1800இல் இளைய வாலன்டீன் ரோசே தூய ஈதரில் கந்தகம் இல்லை என்று காட்டினார். ஆயினும் பெயர் அசையவில்லை. 1846 அக்டோபர் 16 அன்று போஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பல் மருத்துவர் மார்ட்டன், நோயாளி ஒருவரை ஈதரால் உணர்விழக்கச் செய்து அறுவைக்கு உதவியபோதும் மருந்துக் கடைகளில் அது ‘கந்தக ஈதர்’ என்றே விற்கப்பட்டது. மார்ட்டன் தம் பங்குக்கு வேறொரு பெயரைச் சூட்டினார். யாவரும் அறிந்த ஈதர்தான் என்பது வெளிப்பட்டால் காப்புரிமை நிற்காது என்பதால், அதற்கு நிறமும் மணமும் ஏற்றி, கிரேக்கத் தொன்மத்தில் மறதி தரும் ஆற்றின் பெயரையொட்டி ‘லீதியான்’ என்றார். ஒரு பொருளை வெளிப்படுத்தச் சூட்டப்படும் பெயர்களின் வரலாற்றில், மறைப்பதற்கென்றே சூட்டப்பட்ட பெயர் இது. மறைப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் கிராஃபர்டு லாங் என்ற மருத்துவர் 1842லேயே ஈதரைப் பயன்படுத்தி அறுவை செய்திருந்தார். ஆனால் 1849 வரை அதை வெளியிடவில்லை.

வேறொரு குழப்பமும் அக்காலத்தில் நிலவியது. சாராயத்தோடு எந்த அமிலத்தைச் சேர்த்து வடித்தாலும் எளிதில் ஆவியாகும் மணமுள்ள நீர்மம் கிடைக்கும். அவை அனைத்தும் ‘ஈதர்’ எனப்பட்டன. அசிட்டிக் அமிலத்தால் வந்தது ‘அசிட்டிக் ஈதர்’, நைட்ரிக் அமிலத்தால் வந்தது ‘நைட்ரிக் ஈதர்’. இவற்றுள் அமிலப் பகுதி உண்மையாகவே தங்கியிருந்தது. கந்தக ஈதரில் மட்டும் தங்கவில்லை. ஒரே பெயரின் கீழ் இரு வேறு குடும்பங்கள் வாழ்ந்தன. 1848இல் லியோபோல்டு மெலின் அமிலப் பகுதியுடையவற்றுக்கு ‘எஸ்டர்’ என்ற சொல்லை ஆக்கினார். அசிட்டிக் ஈதரைக் குறிக்கும் செருமானியச் சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி உருவாக்கிய சொல் அது. மெலின் செய்த பிரிவினை முழுமையாக நிறைவேறவில்லை என்பதற்கு இன்றைய ஆய்வகங்களே சான்று. அங்கு ‘பெட்ரோலியம் ஈதர்’ என்ற புட்டியில் இருப்பது ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஈதர் அதில் துளியும் இல்லை.

1850: எடையால் தீராத வழக்கு

சாராயத்துக்கும் ஈதருக்கும் உள்ள உறவு என்ன? இரண்டையும் பகுத்துப் பார்த்தால் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மட்டுமே கிடைக்கும். சாராயத்தைவிட ஈதரில் நீரின் கூறு குறைவு. எனவே கந்தக அமிலம் சாராயத்திலிருந்து நீரை உறிஞ்சி ஈதரை விட்டுவைக்கிறது என்ற விளக்கத்தை 1797இல் ஃபூர்குருவாவும் வோக்லானும் தந்தனர். பின் வந்த இரு கொள்கைகளும் இதை அடிப்படையாக ஏற்றன. 1827–28இல் துமாவும் பூலேயும், எத்திலீன் வாயுவே மூலம்; அதனுடன் நீர் சேர்ந்தது ஈதர்; மேலும் நீர் சேர்ந்தது சாராயம் என்றனர். 1834இல் லீபிக், ‘எத்தில்’ என்ற உறுப்பே மூலம் என்றார். அவர் கருத்தில் ஈதர் எத்திலின் ஆக்சைடு; சாராயம் அந்த ஆக்சைடோடு ஒரு நீர் சேர்ந்தது. சுண்ணாம்புக்கும் நீற்றிய சுண்ணாம்புக்கும் உள்ள உறவு போன்றது இது என்று கொள்ளலாம். இரு கொள்கைகளிலும் சாராயத்தைவிட ஈதரே எளிய பொருள். சாராயம் என்பது ஈதரும் நீரும் சேர்ந்த கூட்டு.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1849இல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் வில்லியம்சன் (1824–1904) இக்கொள்கையை மறுக்கப் புறப்பட்டவரல்லர். லீபிக்கின் மாணவரான அவருடைய நோக்கம் புதிய ஆல்கஹால்களை ஆக்குவது. சாராயத்தில் உள்ள ஒரு ஹைட்ரஜனுக்கு மாற்றாக எத்தில் தொகுதியை நுழைத்தால் பெரிய ஆல்கஹால் ஒன்று கிடைக்கும் என எதிர்பார்த்தார். பொட்டாசியத்தைச் சாராயத்தில் கரைத்து, அதனோடு எத்தில் அயோடைடைச் சேர்த்துச் சூடாக்கினார். எதிர்பார்த்த ஆல்கஹால் வரவில்லை. பழைய நண்பனாகிய ஈதரே வந்தது.

இம்முடிவை அவர் கையாண்ட விதமே இங்கு நாம் நின்று நோக்க வேண்டிய இடம். வில்லியம்சனின் விளக்கப்படி, சாராயத்தில் ஓர் எத்தில் உண்டு; புதிதாக வந்த எத்தில் ஹைட்ரஜனின் இடத்தில் அமர்ந்தது; ஆகவே ஈதரில் இரண்டு எத்தில் உண்டு. ஈதரே சாராயத்தைவிடப் பெரிய மூலக்கூறு. ஆனால் லீபிக்கின் தரப்பும் இதே சோதனைக்கு விடை கூறும். அவர்கள் கணக்கில் பொட்டாசியம் சேர்ந்த சாராயம் என்பது ஈதரும் பொட்டாசியம் ஆக்சைடும் சேர்ந்த கூட்டு. எத்தில் அயோடைடு அந்த ஆக்சைடிலிருந்து ஆக்ஸிஜனைப் பெற்று மேலும் ஈதர் ஆகிறது. முன்பே உள்ள ஈதரும் விடுபடுகிறது. இரு வழியிலும் கிடைப்பது ஈதர், அளவும் ஒன்றே. இச்சோதனை எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டாலும் வழக்கைத் தீர்க்காது.

வில்லியம்சன் செய்த மாற்றம் மிகச் சிறியது. எத்தில் அயோடைடுக்கு மாற்றாக மெத்தில் அயோடைடைச் சேர்த்தார். இப்போது இரு கொள்கைகளும் இரு வேறு விடைகளைக் கூறியாக வேண்டும். லீபிக் சரியெனில் சாதாரண ஈதரும் மெத்தில் ஈதரும் சம அளவில் கலந்து கிடைக்க வேண்டும். வில்லியம்சன் சரியெனில் ஒரு பக்கம் எத்திலும் மறுபக்கம் மெத்திலும் கொண்ட ஒரே பொருள் கிடைக்க வேண்டும். இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சாதாரண ஈதரில் நான்கு கார்பன், மெத்தில் ஈதரில் இரண்டு. சம அளவில் கலந்தால் சராசரி மூன்று. எதிர்பார்க்கப்பட்ட கலப்பு ஈதரிலும் கார்பன் மூன்றே. ஆக, எரித்து எடை பார்க்கும் பகுப்பாய்வு இரண்டையும் வேறுபடுத்தாது. அக்கால வேதியியலின் தலைமைக் கருவியான தராசு இவ்வழக்கில் சான்று கூற இயலாமல் நின்றது. கிடைத்தது கலவையா தனிப்பொருளா என்பதை அதன் நடத்தையே சொல்ல வேண்டும். மெத்தில் ஈதர் சுழியத்துக்குக் கீழ் 24 பாகை செல்சியஸிலேயே வாயுவாகிவிடும். சாதாரண ஈதர் 34.6 பாகையில் கொதிக்கும். வில்லியம்சனின் குடுவையில் திரண்டது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, தனக்கேயுரிய கொதிநிலை கொண்ட ஒற்றை நீர்மம். இன்றைய அளவீட்டில் அதன் கொதிநிலை ஏறத்தாழ 7 பாகை.

இம்முடிவுகளை அவர் 1850 ஆகஸ்டில் எடின்பரோவில் கூடிய பிரித்தானியக் கழகத்தின் முன் வைத்தார். நீரில் ஓர் ஆக்ஸிஜனும் இரு ஹைட்ரஜனும் உள்ளன. ஒரு ஹைட்ரஜனை எத்திலால் மாற்றினால் சாராயம். இரண்டையும் மாற்றினால் ஈதர். ‘சாராயத்தில் நீர் கலந்துள்ளது’ என்ற பழைய கருத்து, ‘சாராயம் நீரின் வடிவத்தையே உடையது’ என மாறியது. இரண்டு கூற்றுகளும் கேட்பதற்கு நெருங்கியவை; பொருளில் எதிரெதிரானவை.

கந்தக அமிலத்தின் பங்கும் இதனால் தெளிவுற்றது. சிறிதளவு அமிலம் பெருமளவு சாராயத்தை ஈதராக்கிக்கொண்டே இருப்பதை மிட்சர்லிக் ‘தொடுகை’ என்றார். பெர்சீலியுஸ் இத்தகைய நிகழ்வுகளுக்கு வினையூக்கம் என்ற கருத்தைப் படைத்தார். தொட்டால் நிகழ்கிறது என்பது பெயரே தவிர விளக்கமாகாது. அமிலம் முதலில் ஒரு சாராய மூலக்கூறோடு சேர்ந்து எத்தில் கந்தக அமிலம் ஆகிறது, நீர் வெளியேறுகிறது. பின் மற்றொரு சாராய மூலக்கூறு வந்து எத்திலைப் பெற்று ஈதராகிறது, அமிலம் பழையபடி மீள்கிறது என்று வில்லியம்சன் இரு படிகளாகப் பிரித்துக் காட்டினார். வெப்பநிலையை 140 பாகையளவில் வைத்தால் இவ்வினை நிகழும். 170 பாகைக்கு உயர்த்தினால் ஈதர் குறைந்து எத்திலீன் வாயு மிகும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர்.

வில்லியம்சன் ஒரு கண்ணின் பார்வையையும் ஒரு கையின் வலிமையையும் இளமையிலேயே இழந்தவர் என்பது சோதனைக்கூட வரலாற்றில் நினைக்கத்தக்கது. சப்பானிலிருந்து 1863இல் இலண்டன் வந்த சோஷூ மாணவர் ஐவருக்கு ஆதரவளித்தவரும் இவரே. அவர்களுள் ஒருவரான இத்தோ ஹிரோபூமி பின்னாளில் அந்நாட்டின் முதல் தலைமை அமைச்சரானார்.

இவ்வினை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் எல்லையும் இன்று தெரியும். அயோடைடு தாங்கும் கார்பன் நெருக்கமின்றி இருக்க வேண்டும். மூன்று கிளைகளுள்ள கார்பனில் அயோடினை வைத்தால் ஈதருக்கு மாற்றாக ஆல்கீனே கிடைக்கும். அத்தகைய ஈதர் வேண்டுமெனில் கிளைத்த பகுதியை ஆல்கஹாலின் பக்கத்தில் வைத்து, மெத்தில் அயோடைடைச் சேர்க்க வேண்டும்.

ஒரு பொருளின் பெயர் ஒரு குடும்பத்தின் பெயராதல்

‘ஆல்கஹால்’ என்ற சொல்லின் அரபு மூலம் கண்ணுக்கிடும் மையைக் குறிப்பது. நம் வழக்கில் அஞ்சனம், சுருமா எனப்படுவது. மிக நுண்ணிய தூள் என்ற பொருளிலிருந்து எதனுடைய நுண்சாரமும் என விரிந்து, 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் கையில் ‘ஒயினின் நுண்சாரம்’ ஆகி, இறுதியில் ‘ஒயின்’ உதிர்ந்து ‘ஆல்கஹால்’ மட்டும் எஞ்சியது. அதுவரை அது ஒரு பொருளின் பெயர். அது ஒரு குடும்பத்தின் பெயராக மாறியது 1834–35இல். மரத்தை மூடிய கலத்தில் சுட்டு வடிக்கும்போது கிடைக்கும் ‘மர ஆவி’யை ஆராய்ந்த துமாவும் பெலிகோவும், சாராயம் தரும் வினைகளையெல்லாம் அதுவும் தருவதைக் கண்டனர். அமிலங்களோடு அது எஸ்டர்களைத் தந்தது. கந்தக அமிலத்தோடு தனக்குரிய ஈதரைத் தந்தது. ஆக்சிஜனேற்றத்தில் தனக்குரிய அமிலத்தைத் தந்தது. அதனால் அது மற்றோர் ஆல்கஹால் என்றனர். ‘மெத்தில்’ என்ற பெயர் ‘ஒயின்’, ‘மரம்’ எனும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. அதற்கு முன்பே திமிங்கிலக் கொழுப்பிலிருந்து ஷெவ்ரால் பிரித்திருந்த மெழுகு போன்ற திண்மமும் 1836இல் இக்குடும்பத்தில் சேர்ந்தது. எரிக்கும் நீர்மமும் மெழுகும் ஒரே பெயரைத் தாங்கலாம் என்றால், பெயர் இனித் தோற்றத்தைக் குறிக்கவில்லை, வினையாற்றும் முறையைக் குறிக்கிறது என்பது பொருள். வகைப்பாட்டில் இது பெரிய திருப்பம். இனிப்பான கிளிசரினும் ஆல்கஹாலே, அதுவும் மும்மடி ஆல்கஹால் என்று 1854இல் பெர்த்தலோ கூறியபோது இத்திருப்பம் நிறைவுற்றது எனலாம்.

அமைப்பு பற்றிய அறிவு முதிர்ந்தபோது பெயர் முன்னே சென்று பொருளைத் தேடிய நிகழ்வும் உண்டு. எல்லா ஆல்கஹால்களையும் மெத்தில் ஆல்கஹாலின் ஹைட்ரஜன்கள் மாறியவையாகக் கருதிய கோல்பே, 1860இல் ஈரிணைய, மூவிணைய ஆல்கஹால்கள் இருந்தாக வேண்டும் என்று கூறினார். அப்போது அவற்றுள் எதுவும் கைவசம் இல்லை. 1862இல் ஃபிரீடல் அசிட்டோனை ஒடுக்கி முதல் வகையையும், 1864இல் புட்லெரோவ் மூவிணைய பியூட்டைல் ஆல்கஹாலையும் ஆக்கினர். ஆக்சிஜனேற்றத்தில் ஓரிணையது ஆல்டிஹைடு வழியாக அமிலத்தையும், ஈரிணையது கீட்டோனையும் தருகிறது. மூவிணையது எளிதில் அசைவதில்லை. இன்று மாணவர் மனப்பாடம் செய்யும் இவ்வேறுபாடு, முதலில் ஒரு முன்னறிவிப்பாகவே இருந்தது.

ஆல்கஹாலும் ஈதரும் ஒரே மூலக்கூறு வாய்பாட்டைப் பகிரும் மாற்றியங்கள் ஆகலாம் என்பதும் அமைப்பின் வலிமையை உணர்த்தும். இரு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்ஸிஜன் கொண்ட எத்தனால் 78 பாகையில் கொதிக்கிறது. அதே அணுக்கள் கொண்ட மெத்தில் ஈதர் அறையில் வாயுவாகவே இருக்கிறது. ஆக்ஸிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் ஒன்று, அண்டை மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோக்கிறது. ஈதரில் அக்கை இல்லை. மயக்கமருந்தாகிய சாதாரண ஈதரின் கொதிநிலை சென்னையின் கோடைப் பகலுக்கும் கீழே நிற்பதன் காரணம் இதுவே.

அமிலமா, ஆல்கஹாலா?

1834இல் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து, காரத்தில் கரையும் ஒரு பொருளைப் பிரித்தார். காரத்தில் கரைவதால் அமிலம்; கரி எண்ணெயில் பிறந்ததால் ‘கார்பாலிக் அமிலம்’. 1841இல் அதைத் தூய நிலையில் ஆராய்ந்த லோராங் வேறு பெயரை நாடினார். பென்சீனுக்கு அவர் ‘ஃபேன்’ எனப் பெயரிட்டிருந்தார். ‘ஒளிர்தல்’ என்னும் கிரேக்க வேரிலிருந்து வந்த பெயர் அது. ஏனெனில் ஃபாரடே 1825இல் பென்சீனைக் கண்டது விளக்கு வாயுவின் எஞ்சிய எண்ணெயில். அவர் சூட்டிய பெயர் பென்சீனுக்கு நிலைக்கவில்லை. மிட்சர்லிக் அதைப் பென்சாயின் பிசினிலிருந்து வந்த அமிலத்தைக் கொண்டு ஆக்கியதால் அப்பிசினின் பெயரே வென்றது. அப்பிசின் நம் வீடுகளில் புகையும் சாம்பிராணியே. ‘சாவகத்துக் குங்கிலியம்’ எனப் பொருள்படும் அரபுத் தொடர் ஐரோப்பிய வாய்களில் தேய்ந்து ‘பென்சாயின்’ ஆயிற்று. இவ்வாறு வளையம் சாம்பிராணியின் பெயரையும், அதில் ஒரு ஹைட்ரஜன் நீங்கிய தொகுதி விளக்கொளியின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. பென்சீன் என்பதும் ஃபீனைல் என்பதும் ஏன் வேறு வேறாக ஒலிக்கின்றன என்று குழம்பும் மாணவருக்கு இதைவிட நேரான விடை இல்லை.

‘ஃபீனால்’ என்ற வடிவம் ஜெரார் வழங்கியது. ஈற்றில் உள்ள ‘ஓல்’ இது ஆல்கஹாலின் உறவு என்று அறிவித்தது. அவ்வாறாயின் கார்பாலிக் அமிலம், ஃபீனால் ஆகிய இரு பெயர்களும் முரண்படும் இரு தீர்ப்புகள். எது சரி? சோடியம் ஹைட்ராக்சைடில் ஃபீனால் கரையும். எத்தனாலுக்கு அவ்வமிலத்தன்மை இல்லை. ஆனால் சோடியம் பைகார்பனேட்டிலிருந்து கார்பன் டைஆக்சைடை ஃபீனால் வெளியேற்றாது. கார்பானிக் அமிலத்துக்கும் அது இளைத்ததே. எத்தனாலைவிட ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு வலிய அமிலம், வினிகரின் அமிலத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு மெலியது. இரு பெயர்களும் பாதி உண்மையையே கூறின. ஹைட்ரஜனை இழந்தபின் ஆக்ஸிஜனில் எஞ்சும் எதிர்மின்சுமை வளையத்துக்குள் பரவிக்கொள்வதால் ஃபீனாலுக்கு இந்நிலை வாய்க்கிறது என்ற உடனிசைவு விளக்கம் 20ஆம் நூற்றாண்டுக்குரியது. அதே காரணத்தால் வளையமும் கிளர்வுறுகிறது. பென்சீனுக்கு வினையூக்கி தேவைப்படும் இடத்தில், ஃபீனாலில் புரோமின் நீரை விட்டவுடன் மூன்று புரோமின்கள் ஏறிய வெண்ணிற வீழ்படிவு இறங்குகிறது.

வழக்கில் நிலைபெற்றது எப்பெயர் என்பது துறையைப் பொறுத்தது. 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் லிஸ்டர், எலும்பு முறிந்து தோல் கிழிந்த 11 வயதுச் சிறுவனின் காலில் பூசியது ‘கார்பாலிக் அமிலம்’. மருத்துவத்திலும் சோப்புக் கட்டியிலும் அப்பெயர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தது. ஆய்வகத்திலும் தொழிற்சாலையிலும் ‘ஃபீனால்’ வென்றது. கோல்பே கார்பன் டைஆக்சைடைச் சேர்த்துச் சாலிசிலிக் அமிலம் ஆக்கியதும், பேக்லேண்ட் 1907இல் ஃபார்மால்டிஹைடோடு சேர்த்துப் பேக்கலைட்டை வார்த்ததும் ஃபீனாலைக் கொண்டே.

1892இல் ஜெனீவாவில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 34 வேதியியலர் கூடி, ‘ஓல்’ ஈற்றை ஹைட்ராக்சில் தொகுதிக்கு உரியதாக்கினர். பென்சீனைப் ‘பென்சோல்’ என்று செருமானியர் வழங்கிவந்தது அதன்பின் விதிக்குப் புறம்பான வழக்காயிற்று. லீபிக் அப்பெயரைச் சூட்டியபோது ‘ஓல்’ எண்ணெயைக் குறித்தது, ஆல்கஹாலை அன்று.

தமிழில் இப்பெயர்கள்

தமிழில் வேதியியலை நூலாக்கிய முன்னோடி முயற்சிகளுள் ஒன்று, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் வழிவந்த ‘கெமிஸ்தம்’ (1875). நூலின் பெயரே ஒலிபெயர்ப்பின் பக்கம் நிற்கிறது. ஆயினும் அயற்சொல்லின் ஒலியைத் தமிழின் ‘அம்’ ஈற்றுக்குள் அமர்த்தியிருப்பது காணத்தக்கது. ஒலிபெயர்ப்புக்கும் ஆக்கத்துக்கும் இடையே ஒரு பாதை அன்றே தென்பட்டிருக்கிறது.

இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆல்கஹால், எத்தனால், ஃபீனால். இலங்கைப் பாடநூல்களில் அற்ககோல், எதனோல், பீனோல். இவ்வேறுபாட்டை எழுத்துக்கூட்டல் விருப்பம் என்று தள்ளுவது எளிது. மேலே கண்ட வரலாற்றின்படி ‘ஓல்’ என்பது ஓசை மட்டும் அன்று, குடும்பப் பெயர். இலங்கை வழக்கு அதை அப்படியே காக்கிறது. தமிழ்நாட்டு வழக்கில் அது ஆங்கில ஒலிப்பையொட்டி ‘ஆல்’ ஆகிறது. ஆல்டிஹைடுகளுக்குரிய ஈறும் ‘அல்’ என்பதால், எத்தனாலும் அதன் ஆக்சிஜனேற்ற விளைபொருளும் எழுத்தளவில் நெருங்கிவிடுகின்றன. அதைத் தவிர்க்க ஆல்டிஹைடை ‘எத்தனேல்’ என்று எழுதும் உத்தி பின்னர் தேவைப்பட்டது. ஒலிக்கு நெருங்குவதைவிட ஈறுகளின் எதிர்மையைக் காப்பதே கலைச்சொல்லுக்கு முதன்மை என்று கருதினால், இவ்விடத்தில் இலங்கை வழக்கே வலுவானது என்பது என் கருத்து.

மக்கள் வழக்கு வேறு வழியில் சென்றது. லோராங்கின் விளக்கொளி, ‘பினாயில்’ வடிவில் தமிழ் வீடுகளின் கழிவறை வரை வந்துள்ளது. நிலக்கரித் தாரின் அமிலங்களைச் சோப்போடு கலந்து ஆக்கிய கிருமிநாசினியின் ஆங்கில வணிகப் பெயர், ஃபீனைல் தொகுதியின் பெயரை ஒட்டியது. தமிழ் நாக்கு அதைப் பினாயில் ஆக்கிற்று. இன்று அப்பெயரில் விற்கும் வெண்ணிற நீர்மங்கள் பலவற்றில் பைன் எண்ணெய் உண்டே தவிர ஃபீனால் இல்லை. கந்தகமற்ற கந்தக ஈதருக்கு இது தமிழ் நாட்டு உடன்பிறப்பு.

ஆல்கஹாலுக்குத் தமிழில் ‘சாராயம்’ என்ற சொல் முன்பே இருந்தது. ஆயினும் குடும்பப் பெயராக அது உயரவில்லை. ஒரு பொருளோடும் அதன் பயனோடும் அது பிணைந்துவிட்டது. ஐரோப்பாவில் ‘ஒயின்’ உதிர்ந்ததுபோல் இங்கு குடி உதிரவில்லை. ‘எரிசாராயம்’ என்ற ஆக்கம் தொழிற்சாலை ஆல்கஹாலைக் குறிக்க வந்தும், அதிலும் ‘சாராயம்’ என்ற பகுதியே செவியில் விழுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாளிதழ்கள் எழுதிய சொல் ‘விஷச் சாராயம்’. சாராயத்தில் ஏதோ நஞ்சு விழுந்துவிட்டது என்ற எண்ணத்தை அத்தொடர் தருகிறது. மெத்தனால் வேறொரு நஞ்சன்று. துமாவும் பெலிகோவும் எத்தனாலுக்கு உடன்பிறப்பு எனக் கண்ட அதே மர ஆவி. நிறத்தாலோ சுவையாலோ குடிப்பவர் இரண்டையும் பிரித்தறிய இயலாது. கல்லீரலில் உள்ள நொதியும் இரண்டையும் ஆல்கஹால் என்றே ஏற்று, ஒரே வினையைச் செய்கிறது. எத்தனால் அசிட்டால்டிஹைடாகி அசிட்டிக் அமிலமாக முடிகிறது. மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகி ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. உறவு இவ்வளவு நெருங்கியது என்பதாலேயே மருத்துவமும் இயல்கிறது. மெத்தனால் அருந்தியவருக்கு மருத்துவமனையில் அளந்து எத்தனாலே கொடுக்கப்படுவதுண்டு. நொதி அதனோடு ஈடுபட்டிருக்கும் வேளையில் மெத்தனால் மாறாமல் உடலைவிட்டு வெளியேற வழி கிடைக்கிறது. ஃபோமிபிசோல் என்ற மருந்தும் அந்நொதியையே தடுக்கிறது.